தந்தை விட்டுச்சென்ற எம்-1 கேரண்டு ரைஃபிள்: முதன்முதலாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் படையில் சேவை செய்து முதுமையில் மறைந்த ஒருவருடைய வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, துணி அலமாரியின் பின்மூலையிலோ பரணிலோ கம்பளியில் சுற்றி வைத்த நீண்ட துப்பாக்கி ஒன்று கிடைப்பது சாதாரணமாக நடப்பதுதான். இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் ஆகியவற்றின் தலைமுறையைச் சேர்ந்தவர் என்றால், பல வீடுகளில் அது எம்-1 கேரண்டாக இருக்கும். கொரியப் போருக்குச் சென்று திரும்பிய என் மாமனார் காலமானதும், ஒஹாயோ மாநிலத்தில் இருந்த அவருடைய வீட்டில் எங்களுக்கும் அப்படித்தான் ஒன்று கிடைத்தது. துப்பாக்கி என்றால் ஊர்க்காவலரின் தோளில் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். வழிகாட்ட ஆளில்லாமல், சிலவற்றைச் சரியாகவும் ஒன்றை இனித் திருத்தவே முடியாத வகையில் தவறாகவும் செய்தேன். அமெரிக்கக் குடும்பங்களில் மணம் செய்துகொண்டவர்களும், இந்நாட்டுப் படையில் பணியாற்றிய பெற்றோரின் பிள்ளைகளுமாக இன்று தமிழர்கள் பலர் இங்கே இருப்பதால், அந்த அனுபவத்தை வரிசைப்படி எழுதி வைக்கிறேன்.

வரிசைதான் இதில் முக்கியம். முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்து, அதை வைத்திருக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு அதில் பொறித்திருப்பதையெல்லாம் படித்துப் படமெடுக்க வேண்டும். அதற்குப் பிறகே எண்ணெயையும் துணியையும் தொட வேண்டும். சுடுவது கடைசி, விருப்பமில்லாதவர்கள் அதைச் செய்யாமலே விட்டுவிடலாம். பெரும்பாலோர் செய்யும் பிழை, பாசத்தின் மிகுதியால் முதல் வார இறுதியிலேயே துடைத்துப் பளபளப்பாக்க உட்கார்ந்துவிடுவது. கையாளும் உரிமை வந்ததும் நான் செய்த பிழையும் அதுவே.

முதல் வேலை: காலி செய்தல்

எத்தனை ஆண்டுகள் சும்மா கிடந்திருந்தாலும், உள்ளே தோட்டா இருப்பதாகவே எண்ணிக் கையாளுங்கள். வீட்டில் உள்ள குழந்தைகளை வேறோர் அறைக்கு அனுப்பிவிடுங்கள். குழலின் வாய் யாரையும், அடுத்த அறையில் ஆள் இருக்கக்கூடிய மெல்லிய சுவரையும் நோக்கக் கூடாது. விரல் விசைக்கு அருகில் போகவே கூடாது.

கேரண்டின் பாதுகாப்புத் தாழ், விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் முன்பகுதியில் ஒரு சிறு நாக்குப் போல இருக்கும். அது வளையத்துக்குள் பின்னோக்கித் தள்ளியிருந்தால் பூட்டிய நிலை. முன்னோக்கி இருந்தால் சுடும் நிலை. தாழைப் பூட்டிய நிலையில் வைத்துக்கொண்டும் போல்ட்டை, அதாவது தோட்டா அறையை அடைத்து நிற்கும் இரும்புத் துண்டை, திறக்க முடியும் என்பதால், முதலில் அதைப் பின்னோக்கித் தள்ளிவிடுங்கள். பிறகு வலப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் கைப்பிடியை முழு வலிமையுடன் பின்னால் இழுங்கள். போல்ட் தானாகவே பின்னால் நின்றுவிட்டால் உள்ளே கிளிப் இல்லை என்று பொருள். அது நிற்காமல் மீண்டும் முன்னால் பாய முயன்றால், எட்டுத் தோட்டாக்களைப் பிடித்து வைத்திருக்கும் எஃகுக் கிளிப் இன்னும் உள்ளே இருக்கக்கூடும். அப்போது கைப்பிடியை விடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, போல்ட் ஓடும் நடு உடலான ரிசீவரின் இடப்பக்கத்தில் உள்ள கிளிப் தாழை மற்றக் கையின் கட்டைவிரலால் அழுத்தினால், கிளிப் தோட்டாக்களோடு மேலே எழும்பி வரும். கிளிப் வெளியே வந்த பிறகும், ஒரு கைவிளக்கால் தோட்டா அறைக்குள் பார்த்து, சுண்டுவிரலை நுழைத்துத் தடவியும் பாருங்கள். தோட்டாவை இழுக்கும் கொக்கி உடைந்திருந்தால் அறையிலேயே ஒன்று தங்கிவிடும்.

போல்ட்டை மூடும்போது கட்டைவிரலைக் காத்துக்கொள்வது தனிப் பாடம். உள்ளே தோட்டாக்களைத் தாங்கும் தகட்டை அழுத்தியவுடன் போல்ட் முன்னால் பாயும். அந்த வேகத்தில் நகம் கறுத்தவர்கள் இராணுவத்தில் ஏராளம், அதற்கென்று 'கேரண்டுக் கட்டைவிரல்' என்றே ஒரு பெயர் உண்டு. வலக்கையின் விளிம்பால் கைப்பிடியைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலால் தகட்டை அழுத்துங்கள். போல்ட்டைச் சிறிதளவு முன்னே வரவிட்டு, கட்டைவிரலை முற்றிலும் வெளியே எடுத்த பிறகே கைப்பிடியை விட வேண்டும்.

துருப்பிடித்துக் கைப்பிடி அசையவே இல்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். விசையை அழுத்தியும் சோதிக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துவிட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள். சொல்லாமல் கடைக்குள் எடுத்துச் சென்று நிற்காதீர்கள்.

உரிமை யாருக்கு

தமிழ் வாசகர்கள் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், அவற்றை நம்பித் தானாக முடிவெடுக்காமல் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மீறினால் அது கடுங்குற்றம். விசாவும் போகும், எதிர்காலமும் போகும். பச்சை அட்டை உள்ள நிரந்தரவாசிகளுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. ஆகவே மனைவி குடிமகளாகவும் கணவர் விசாவிலும் இருக்கும் வீட்டில், துப்பாக்கி மனைவியின் பெயரில் இருப்பதோடு, அதைப் பூட்டி வைக்கும் பெட்டியின் சாவியும் குறியெண்ணும் மனைவியிடம் மட்டுமே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது நிலைமை இதுதான். என் பச்சை அட்டை கைக்கு வரும் வரை அந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை. கடுங்குற்றத் தண்டனை பெற்றவர்களுக்கும், குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கும் இதே தடை உண்டு.

வாரிசாகப் பெறுவதற்கும் அன்பளிப்பாகப் பெறுவதற்கும் சட்டத்தில் வேறுபாடு இருக்கிறது. ஒரு மாநிலத்தில் வாழ்ந்த தந்தை உயிரோடு இருக்கும்போதே வேறொரு மாநிலத்தில் உள்ள மகளுக்குத் துப்பாக்கியைக் கொடுக்க விரும்பினால், உரிமம் பெற்ற விற்பனையாளர் ஒருவர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அவர் மறைந்த பிறகு உயிலின் வழியாகவோ, உயில் இல்லாமல் வாரிசுரிமைப்படியோ வந்து சேர்ந்தால், கூட்டாட்சிச் சட்டம் அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் நீங்கள் வாழும் மாநிலத்தின் சட்டம் அதற்கு மேல் கேட்பவை உண்டு. கலிஃபோர்னியாவில் குடும்பத்துக்குள் கைமாறியதை 30 நாட்களுக்குள் மாநில நீதித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கான அடையாள அட்டை வேண்டும். மாசசூசெட்ஸில் உரிமம் வேண்டும். நியூ ஜெர்சியில் எம்-1 கார்பைன் என்ற வகை தடை செய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலிலேயே இருக்கிறது. கார்பைன் வேறு, கேரண்டு வேறு. கார்பைன் குட்டையானது, எடை குறைந்தது, அடியில் பிரித்தெடுக்கும் தோட்டாப் பெட்டி உடையது. இரண்டையும் எம்-1 என்றே அழைப்பதால் குழம்பிப்போய்த் தவறான விண்ணப்பத்தை நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பரணில் கிடைத்தது கேரண்டாக இல்லாமல், விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் வகையாக இருந்தால், அதாவது போரில் கைப்பற்றிய இயந்திரத் துப்பாக்கி போன்றதாக இருந்தால், அதை எங்கும் எடுத்துச் செல்லாமல் முதலில் வழக்கறிஞரை அழையுங்கள். அவ்வகை ஆயுதம் ஏடிஎஃப் என்ற கூட்டாட்சி அமைப்பிடம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் வாரிசுக்கு வரியில்லாமல் மாற்றலாம். பதிவாகாமல் இருந்தால் ஒரு தனிநபர் இனிமேல் பதிவு செய்ய வழியில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்னாள் வீரர்களின் சங்கங்கள் இறுதிச் சடங்குகளில் மரியாதை வேட்டு முழக்குவதற்காக இராணுவம் கேரண்டுகளை இரவலாகக் கொடுத்து வைத்திருக்கிறது. உங்கள் தந்தை அப்படிப்பட்ட சங்கமொன்றில் பொறுப்பில் இருந்திருந்தால், கிடைத்தது சங்கத்தின் கணக்கில் உள்ள துப்பாக்கியா என்று அங்கே கேட்டுவிடுங்கள். அது இராணுவத்தின் சொத்து. வாரிசுரிமை அதற்குப் பொருந்தாது. ஊருக்குப் போகும்போது உறவினருக்குக் காட்டலாமே என்ற எண்ணம் வந்தால், அதை அங்கேயே விட்டுவிடுங்கள். இந்தியாவின் ஆயுதச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

துப்பாக்கியைப் படித்தல்

இனிமேல்தான் இந்த வேலை சுவையாகிறது. கியூபெக்கில் பிறந்து, மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் பணியாற்றிய ஜான் கேரண்டு வடிவமைத்த இந்த ரைஃபிளை, அமெரிக்க இராணுவம் 1936இல் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டிய ரைஃபிள்களையே மற்ற நாடுகளின் காலாட்படையினர் சுமந்துகொண்டிருந்த காலத்தில், சுட்ட தோட்டாவின் வாயு அழுத்தத்தாலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளை ஒரு நாட்டின் படை முழுமைக்கும் பொது ஆயுதமாக வழங்கியது அதுவே முதல் முறை. ஏறத்தாழ 4.3 கிலோ எடை, 110 சென்டிமீட்டர் நீளம். 1957இல் எம்-14 ரைஃபிள் இதன் இடத்துக்கு வரும் வரை, ஏறத்தாழ 54 லட்சம் கேரண்டுகள் செய்யப்பட்டன.

குறிபார்க்க உதவும் பின்காட்சிக்குப் பின்னால், ரிசீவரின் குதிகாலில், செய்த தொழிற்சாலையின் பெயரும் அதன் கீழே வரிசை எண்ணும் பொறித்திருக்கும். உலகப் போர்க் காலத்தில் செய்தவை ஸ்பிரிங்ஃபீல்டும் வின்செஸ்டரும். 1950களில் ஸ்பிரிங்ஃபீல்டோடு இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் ஹாரிங்டன் அண்டு ரிச்சர்ட்சனும் சேர்ந்துகொண்டன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்பது நாம் டிராக்டரில் பார்த்த அதே பெயர்தான். ஸ்பிரிங்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை 1968இல் மூடப்பட்டு இப்போது தேசிய நினைவிடமாக இருக்கிறது. அதே பெயரைப் பிற்காலத்தில் சூட்டிக்கொண்ட தனியார் நிறுவனம் வேறு. வரிசை எண்ணைப் பார்த்து எந்த ஆண்டு, எந்த மாதம் என்று சொல்லும் அட்டவணைகள் உண்டு. நினைவில் வைத்துக்கொள்ள ஓர் எளிய எல்லை: ஸ்பிரிங்ஃபீல்டு என்ற பெயரும் 42 லட்சத்துக்கு மேற்பட்ட எண்ணும் இருந்தால், அது 1950களில் செய்யப்பட்டது. கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து வைத்தால், குழலின் வலப்பக்கத்தில் அந்தக் குழலைச் செய்த மாதமும் ஆண்டும் தெரியவரும். ரிசீவரும் குழலும் வெவ்வேறு காலத்தவையாக இருப்பது குறையன்று. படைமுகாம்களில் இவற்றை மீண்டும் மீண்டும் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றிச் சேர்த்தார்கள். செய்தபடியே தப்பி வந்தவை மிகச் சில.

குடும்பக் கதைகளோடு இந்த எண்கள் மோதும் இடத்தில் நிதானம் தேவை. 'அப்பா போர்க்களத்தில் சுமந்த துப்பாக்கி' என்றுதான் எல்லா வீடுகளிலும் சொல்வார்கள். என் மாமியாரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் படைவீரருக்குக் கொடுத்த ரைஃபிள் அரசின் சொத்து. பிரிவை விட்டுக் கிளம்பும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரிலிருந்து முறைப்படி வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தவை எதிரியிடமிருந்து கைப்பற்றிய ஆயுதங்கள், அவையும் மேலதிகாரி கையெழுத்திட்ட சான்றிதழோடு. ஜப்பானிய அரிசாகா ரைஃபிள்கள் பலவற்றின் மேல் சாமந்திப்பூ முத்திரை அரத்தால் ராவப்பட்டிருப்பதைக் காணலாம். அது பேரரசரின் சின்னம். கேரண்டு மட்டும் பொதுமக்களின் கைக்கு வேறு வழியில் வந்தது. குறிபார்த்துச் சுடுவதைக் குடிமக்களிடையே வளர்ப்பதற்காக இராணுவத்தின் கீழ் இருந்த டிசிஎம் என்ற அலுவலகமும், 1996 முதல் அதன் பணிகளை ஏற்ற சிஎம்பி என்ற அமைப்பும் இவற்றைத் தகுதியுள்ள குடிமக்களுக்கு விற்றன. அந்த விற்பனைக்கான தாள் வீட்டுக் கோப்புகளில் இருக்கிறதா என்று தேடுங்கள். குழலின் மேல் புளூ ஸ்கை என்ற பெயரும் ஆர்லிங்டன் என்ற ஊரும் இருந்தால், அந்தத் துப்பாக்கி தென்கொரியாவுக்குப் போய் 1980களில் வணிகர் வழியாகத் திரும்பி வந்தது.

எங்கள் கேரண்டின் எண் 43 லட்சத்தில் இருந்தது. குழலில் 11-52 என்ற பொறிப்பு. மாமனார் கொரியாவிலிருந்து திரும்பியது 1952ஆம் ஆண்டின் வசந்த காலத்தில். அவர் கப்பல் ஏறியபோது இந்தத் துப்பாக்கி பிறக்கவே இல்லை. இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாட்கள் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு, தோளில் வைக்கும் மரக்கட்டையின் அடிப்பகுதியில் உள்ள உலோகத் தகட்டைப் பார்த்தேன். அதில் விரலால் அழுத்தித் திறக்கும் சிறு கதவு ஒன்று இருக்கிறது. உள்ளே மரத்தில் துளைத்த இரண்டு ஆழமான குழிகள். படைவீரர் தம் துடைப்புக் கருவிகளை வைத்துக்கொள்வதற்காகச் செய்த இடம் அது. ஒன்றில் எண்ணெய்க் குப்பியும் பலவகை வேலைக்கான ஒரு சிறு கருவியும் இருந்தன. மற்றதில் ஃபிளானல் துணியை இறுகச் சுருட்டி அடைத்திருந்தார். சுருளைப் பிரித்ததும் நடுவிலிருந்து எண்ணெய் ஊறிக் கண்ணாடித் தாள் போலாகிவிட்ட ஒரு காகிதத் துண்டு வந்தது. பென்சில் எழுத்து, மாமனாருடையதுதான்: '200க்கு 10, 300க்கு 13. இடக்காற்றுக்கு ஒன்று.' பின்காட்சியின் திருகை எத்தனை சொடுக்கு உயர்த்த வேண்டும் என்று, கெஜக் கணக்கில் தமக்காக எழுதி வைத்த குறிப்பு. ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் 1907 முதல் நடந்துவரும் தேசியப் போட்டிகளுக்கு அவர் கோடைதோறும் போய் வந்ததை மாமியார் அப்போதுதான் நினைவுகூர்ந்தார். போரில் சுமந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர், அதே போன்ற ஒன்றைப் பின்னாளில் தேடி வாங்கி, முப்பது கோடைகள் அதனோடு பழகியிருக்கிறார். மாமியாருக்கு அந்தக் கதை பிடித்தது. ஆகவே கதவைத் திறந்து பாருங்கள். கிடைப்பதைப் பிரிப்பதற்கு முன்பே படமெடுங்கள்.

தந்தையின் சேவை பற்றி மேலும் அறிய விரும்பினால், செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம். 1973 ஜூலை 12 அன்று அங்கே ஏற்பட்ட தீயில், 1912 நவம்பரிலிருந்து 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்துபோனது. அதனால் டிடி-214 என்ற விடுவிப்புச் சான்று வீட்டில் கிடைத்தால் அதைப் பொன்போலப் பாதுகாத்து, நகலெடுத்து வையுங்கள். யாருக்கு எந்த எண்ணுள்ள ரைஃபிள் கொடுக்கப்பட்டது என்ற செய்தியை அந்தக் கோப்புகளில் எதிர்பார்க்காதீர்கள்.

துடைத்தல்

கட்டையின் இடப்பக்கத்தில், ரிசீவரின் பின்முனைக்குக் கீழே, மரத்தில் அழுத்திய முத்திரை ஒன்று இருக்க வேண்டும். தொழிற்சாலையின் எழுத்துகள், பரிசோதகரின் முதலெழுத்துகள், குறுக்கிட்ட பீரங்கிகள், அல்லது பிற்காலத்தவற்றில் கழுகு. கைபிடிக்கும் வளைவில் வட்டத்துக்குள் ஒரு 'பி' எழுத்து. பழுதுபார்த்த முகாம்கள் குத்திய குறிகள் அவற்றோடு சேர்ந்திருக்கும். இவற்றின் ஆழம் காகிதத்தின் தடிமனைவிடச் சற்றே கூடுதல். உப்புத்தாளால் ஒரு மாலைப்பொழுது தேய்த்தால் எழுபது ஆண்டுச் சான்று மரத்தூளாகிவிடும். நான் உப்புத்தாள் பயன்படுத்தவில்லை. எஃகுக் கம்பளியும் சோப்பு நீரும்தான். கறுப்பேறிய அழுக்கு போய் வால்நட் மரத்தின் நிறம் தெரியத் தெரிய மகிழ்ச்சியோடு தேய்த்துக்கொண்டே போனேன். நிறுத்தியபோது பீரங்கிகள் போயிருந்தன. எழுத்துகளில் முதல் இரண்டை மட்டும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் இன்றும் படிக்கலாம். இதற்கு மருந்து கிடையாது. புதிதாகக் குத்தித் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. அது போலி முத்திரை, அதைச் செய்யாதீர்கள்.

ஆகவே மரத்துக்குச் செய்ய வேண்டியது மிகச் சிறிது. உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடையுங்கள். பிசுபிசுப்பு மிகுந்திருந்தால் மினரல் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். மரம் வறண்டிருந்தால், கலப்பில்லாத ஆளிவிதை எண்ணெயையோ டங் எண்ணெயையோ உள்ளங்கையில் சில துளிகள் விட்டுத் தேய்த்து, அரைமணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். படையிலும் அதைத்தான் பூசினார்கள். அந்த எண்ணெய் ஊறிய துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். வார்னிஷ் வேண்டாம்.

உலோகத்தின் மேலுள்ள சாம்பல் நிறமும் சில இடங்களில் தெரியும் பச்சைச் சாயலும் அழுக்கல்ல. பார்க்கரைசிங் என்ற பாஸ்பேட் பூச்சும், அதில் ஊறிய பழைய பாதுகாப்பு மசகும் சேர்ந்து உருவானவை. அவற்றைச் சுரண்டவோ புதிதாக நீலமேற்றவோ கூடாது. மேலோட்டமான செந்துரு இருந்தால், எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு முரட்டுத் துணியால் துடையுங்கள்.

கேரண்டு மூன்று பெரும் பகுதிகளாகக் கருவியே இல்லாமல் பிரியும். முதலில் போல்ட் மூடியிருக்கிறதா, அறை காலியா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, விசை வளையத்தின் பின்முனையைக் கீழ்நோக்கி இழுத்துச் சுழற்றினால் விசைத் தொகுதி கையோடு வந்துவிடும். பிறகு கட்டையிலிருந்து குழலும் ரிசீவரும் சேர்ந்த பகுதியைத் தூக்கலாம். முதல் தடவை இதற்கு மேல் பிரிக்க வேண்டாம். குழலைப் பின்பக்கத்திலிருந்து துடைக்க இந்த அமைப்பில் வழியில்லாததால், வாய்ப்பக்கத்திலிருந்தே தடியை நுழைக்க வேண்டியிருக்கிறது. தடி வாயின் விளிம்பில் உரசினால் நாளடைவில் குறி தவறும்; பித்தளையாலான வழிகாட்டி வளையம் ஒன்றைத் தடியில் மாட்டிக்கொள்ளுங்கள். அசையும் பாகங்கள் உரசும் இடங்களில், எண்ணெயைவிடக் கிரீஸ் நல்லது. போல்ட்டின் முனைகளிலும், கைப்பிடியோடு இணைந்த இயக்கத் தண்டு ஓடும் தடத்திலும் அரிசியளவு போதும்.

தோட்டாக்களும் சுடுதலும்

துப்பாக்கியோடு தோட்டாக்களும் கிடைத்திருந்தால், அவற்றின் அடிப்பாகத்தில் உள்ள எழுத்தையும் ஆண்டையும் படியுங்கள். எல்சி என்றால் லேக் சிட்டி, எஸ்எல் என்றால் செயின்ட் லூயிஸ், எஃப்ஏ என்றால் ஃபிராங்ஃபோர்டு தொழிற்சாலை. குண்டின் முனை கறுப்பாக இருந்தால் அது கவசம் துளைக்கும் வகை. சிவப்போ ஆரஞ்சோ என்றால் நெருப்புக் கோடு காட்டும் வகை. நீலம் என்றால் தீயூட்டும் வகை. இவற்றைச் சுடுகளத்தில் அனுமதிக்க மாட்டார்கள். நினைவாகத் தனியே வையுங்கள்.

கேரண்டு சுடும் வகையின் பெயர் .30-06. 1950களின் தொடக்கத்துக்கு முற்பட்ட அமெரிக்க .30-06 தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் தீமுனையில், அதாவது அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்தபின் குழலுக்குள் படிவது ஒருவகை உப்பு. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே வாரத்தில் குழலைத் துருவேற்றிவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். ஆகவே அவற்றைச் சுட்டிருந்தால் குழலையும் வாயு உருளையையும் வெந்நீரால் கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெயிட வேண்டும். புதியவருக்கு என் ஆலோசனை, பழையவற்றைச் சுடவே வேண்டாம் என்பதுதான்.

புதிய தோட்டா வாங்கும்போதும் எச்சரிக்கை தேவை. இந்த ரைஃபிள் ஏறத்தாழ 150 கிரெய்ன் (10 கிராமுக்குச் சற்றுக் குறைவு) எடையுள்ள குண்டைக் கொண்ட எம்-2 என்ற இராணுவத் தோட்டாவுக்கு ஏற்றபடி அமைந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் கனமான வேட்டைத் தோட்டாக்கள் அறைக்குள் சரியாகப் பொருந்தும். ஆனால் அவற்றின் மெதுவாக எரியும் மருந்து, குழலின் வாயருகே உள்ள துளையில் அளவுக்கு மீறிய அழுத்தத்தை உண்டாக்கி, நீண்ட இயக்கத் தண்டை வளைத்துவிடும். பெட்டியின் மேல் கேரண்டுக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். .308 என்ற வேறு வகைத் தோட்டாவை இதில் போடக் கூடாது.

முதல் குண்டைச் சுடுவதற்கு முன், பழுதுபார்ப்பவரிடம் அறையின் அளவையும், குழலின் தொண்டை (அறையை அடுத்த பகுதி), வாய் ஆகியவற்றின் தேய்மானத்தையும் அளவுகோல்கள் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். இது ஒரு மணி நேர வேலை. உங்களுக்குக் கிடைத்தது கேரண்டுக்கு முந்தைய 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளாக இருந்தால், எண் இன்னும் முக்கியம்: ஸ்பிரிங்ஃபீல்டில் செய்தவற்றில் 8,00,000க்குக் குறைந்த எண்ணும், ராக் ஐலண்டில் செய்தவற்றில் 2,85,507க்குக் குறைந்த எண்ணும் உடையவற்றின் ரிசீவர்கள் சூடேற்றிப் பதப்படுத்தியதில் நேர்ந்த பிழையால் நொறுங்கக்கூடியவை. அவற்றைச் சுவரில் மாட்டுங்கள், சுடாதீர்கள்.

சுடுகளத்தில் கண்ணாடியும் காதடைப்பும் அணிந்து, கேரண்டு தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிளிப்பில் இரண்டு தோட்டாக்களோடு தொடங்குங்கள். திறந்திருக்கும் அறையில் ஒற்றைத் தோட்டாவைப் போட்டு அதன்மேல் போல்ட்டை முழு வேகத்தில் பாயவிடாதீர்கள். சுடும் ஊசி தடையின்றி அசையும் அமைப்பு என்பதால் விசையைத் தொடாமலே வெடித்துவிட வாய்ப்பு உண்டு. கடைசித் தோட்டா போனதும் வெற்றுக் கிளிப் கணீரென்ற ஓசையோடு மேலே தெறிக்கும். என் மனைவி முதன்முதலாக அந்த ஓசையைக் கேட்டபோது துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் அழுதாள். சிறுவயதில் தந்தையின் பக்கத்தில் நின்று கேட்ட ஓசை.

வைத்துக் காத்தல்

தோலுறையிலோ நுரை பதித்த பெட்டியிலோ நெடுநாள் வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூட்டிய இரும்புப் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா பையோடு, முடிந்தால் குழல்வாய் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். எண்ணெய் மரத்துக்குள் இறங்கி அதை உளுக்கச் செய்யாமல் இருக்க அது உதவும். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு சாவியோடு. துக்கம் நடந்த வீட்டில் ஒருவர் மனமுடைந்து பேசாமல் இருக்கிறார் என்றால், அந்த மாதங்களில் துப்பாக்கி அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம். கட்டணம் பெற்றுக்கொண்டு பாதுகாத்துத் தரும் உரிமம் பெற்ற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள்; கொடுக்கும் முன் உங்கள் மாநிலத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ள விருப்பமில்லாதவர்களும் அவசரப்பட்டு முதலில் வந்து விலை கேட்பவரிடம் கொடுத்துவிடாமல், எண்ணையும் முத்திரைகளையும் அறிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக, ஒரு தாள் எழுதுங்கள். துப்பாக்கியின் எண், குழலின் மாதமும் ஆண்டும், கட்டையின் முத்திரைகள், தந்தையின் பெயர், அவர் இருந்த படைப்பிரிவு, சேவை செய்த ஆண்டுகள், துப்பாக்கி அவர் கைக்கு வந்த வழி, அது எதனால் தெரிந்தது, உங்கள் கைக்கு வந்த நாள். தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியே குறியுங்கள். எதை மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். எங்கள் தாளின் கீழ்ப்பகுதியில், இடப்பக்க முத்திரை எந்த மாதம், எதனால் தேய்ந்தது என்று என் பெயரோடு எழுதியிருக்கிறேன். அதற்கு முன் எடுத்த ஒரே படத்தின் பிரதியையும் இணைத்திருக்கிறேன். தாள் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பென்சில் குறிப்பை மட்டும் அதே ஃபிளானல் துணியில் சுருட்டி, அது இருந்த குழியிலேயே திரும்ப வைத்துவிட்டோம்.